கண்ணாடியா, பிளாஸ்டிக்கா? ஆய்வகப் பாத்திரங்கள்: வாசகர் கேள்வி பதில்

பெங்களூருவில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம், கல்லூரி லேப், ரத்தப் பரிசோதனை நிலையம், ஆராய்ச்சி நிறுவனம் எனப் பல இடங்களில் வேலை செய்யும் வாசகர்கள் பாத்திரங்களைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்புள்ள கேள்விகள் என்பதால் எல்லாவற்றையும் இந்த இதழிலேயே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: பீன்யாவில் புதிதாகத் தொடங்கிய தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். முலாம் பூசும் பட்டறைகளின் கழிவுநீர், அபார்ட்மென்ட் போர்வெல் தண்ணீர், ஏரித் தண்ணீர், கோலார் பக்கத்துக் கிராமங்களின் குடிநீர் எல்லாம் வருகின்றன. கண்ணாடி உடைகிறது, அதனால் சாம்பிள் எடுக்க எல்லாவற்றுக்கும் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலே வாங்கிவிடலாம் என்கிறார் முதலாளி. சரியா?

பதில்: சரியில்லை. ஒரே வகை பாட்டில் போதாது. உடையுமா என்பது வண்டியில் எடுத்துவரும்போது எழும் கவலை. அதற்கு முன்னால், அந்தத் தண்ணீரில் எதை அளக்கப்போகிறீர்கள் என்று பாருங்கள். சாம்பிள் எடுத்த நிமிடத்திலிருந்தே பாட்டிலின் உட்சுவர் தண்ணீரிலிருந்து சிலவற்றை இழுத்துக்கொள்ளும், சிலவற்றைத் தண்ணீருக்குள் விடும். எதை இழுக்கும், எதை விடும் என்பதுதான் கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் உள்ள வித்தியாசம்.

ஈயம், காட்மியம், நிக்கல், துத்தநாகம், செம்பு இவற்றுக்கு உங்கள் முதலாளி சொல்வது பொருந்தும். எச்.டி.பி.இ. (அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன்) அல்லது பாலிபுரொப்பிலீன் பாட்டில் எடுங்கள். கண்ணாடியின் பரப்பு உலோக அயனிகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும். லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் மட்டுமே இருக்கும் ஈயம் ரிப்போர்ட்டில் வராமலே போய்விடலாம். கண்ணாடியிலிருந்து சோடியம், சிலிக்கா, போரான், அலுமினியம் தண்ணீருக்குள் வரவும் செய்யும். போரோசிலிகேட் கண்ணாடியில் ஏறத்தாழ 13 சதவீதம் போரான் ஆக்சைடு இருக்கிறது. அந்த பாட்டிலில் எடுத்த தண்ணீரில் போரான் அளந்தால், கிடைக்கும் எண்ணில் பாட்டிலின் பங்கும் சேர்ந்திருக்கும்.

பிளாஸ்டிக் பாட்டில் புதிதாக இருந்தாலும் அப்படியே பயன்படுத்தக் கூடாது. சோப்புக் கரைசலில் கழுவி, 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, டீஅயனைஸ்டு நீரில் மூன்று நான்கு முறை அலசிக் கவிழ்த்துவையுங்கள். சாம்பிள் எடுத்ததும் லிட்டருக்கு 1.5 மி.லி. அடர் நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச் அளவை 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். பெங்களூருவைச் சுற்றியுள்ள போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது, காரத்தன்மையும் கூடியது. அதற்கு 1.5 மி.லி. போதாமல் போகலாம். கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டு எடுத்து பிஎச் தாளில் வைத்துப் பாருங்கள். தாளை பாட்டிலுக்குள் விட்டால் சாம்பிள் கெட்டது. எடுத்த இடத்தில் அமிலம் சேர்க்க முடியாமல் கூடத்துக்கு வந்து சேர்த்தால், 16 மணி நேரம் அதே பாட்டிலில் வைத்த பிறகே அதிலிருந்து எடுங்கள். சுவரில் ஒட்டிய உலோகம் திரும்பக் கரைய அவ்வளவு நேரம் பிடிக்கும்.

முலாம் பட்டறைத் தண்ணீரில் இரண்டு விஷயங்களில் மிகுந்த கவனம் வேண்டும். முதலாவது சயனைடு. உலோகத்துக்கென்று அமிலம் ஊற்றித் தயாராக வைத்த பாட்டிலில் சயனைடுள்ள கழிவுநீரைப் பிடித்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். அது ஆளைக் கொல்லும். எந்தத் தொட்டியில் எது ஓடுகிறது என்று பட்டறைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை அமில பாட்டிலைத் திறக்காதீர்கள். சயனைடு சாம்பிளுக்குத் தனி பிளாஸ்டிக் பாட்டில் எடுத்து, சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து பிஎச் 12-க்கு மேல் வையுங்கள். இரண்டாவது, ஆறு இணைதிறன் குரோமியம். அதற்கும் அமிலம் சேர்க்கக் கூடாது. அமிலத்தில், தண்ணீரில் உள்ள கரிமப் பொருள்கள் அதை மூன்று இணைதிறன் குரோமியமாக மாற்றிவிடும். ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் அளந்துவிடுங்கள்.

உலோகங்களில் பாதரசம் மட்டும் விலக்கு. அதன் ஆவி பாலிஎத்திலீன் சுவர் வழியாகவே ஊடுருவும். உள்ளிருந்து வெளியே போகும், கூடத்தில் உடைந்த தெர்மாமீட்டர் ஏதாவது இருந்தால் வெளியிலிருந்து உள்ளேயும் வரும். இதற்குக் கண்ணாடி அல்லது டெஃப்லான் வகை பாட்டில்தான் வேண்டும்.

கோலார் தண்ணீரில் முக்கியம் ஃபுளோரைடு. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500. அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் பல கிணறுகள் நிற்கும், அதனால் சிறிய பிழைகூட ஒரு கிராமத்துக்குச் சொல்லும் முடிவை மாற்றிவிடும். ஃபுளோரைடு, குறிப்பாக அமில நிலையில், கண்ணாடியின் சிலிக்காவோடு வினைபுரியும். சாம்பிள் பாட்டில் மட்டுமல்ல, ஸ்டாண்டர்டு கரைசலைச் சேமிக்கும் பாட்டில், மின்முனை வைத்து அளக்கும் பீக்கர் எல்லாமே பிளாஸ்டிக்காக இருக்கட்டும்.

எண்ணெய், கிரீஸ், பூச்சிமருந்து என்றால் நிலைமை தலைகீழ். இவை பிளாஸ்டிக் சுவரில் ஒட்டும், சில உள்ளேயே ஊறிவிடும். எண்ணெய்க்கு ஹெக்சேனில் அலசிய அகலவாய்க் கண்ணாடி பாட்டில் வேண்டும். சாம்பிளைக் கொண்டு அதைக் கொப்பளிக்கக் கூடாது. முதலில் ஊற்றிக் கொட்டும் தண்ணீரின் எண்ணெய் சுவரில் தங்கி, உண்மையைவிடக் கூடுதலான அளவு வரும். பாட்டிலில் உள்ள முழுத் தண்ணீரையும் சோதனைக்கு எடுத்து, காலி பாட்டிலையும் கரைப்பானால் அலசிச் சேர்க்க வேண்டும். பூச்சிமருந்துக்குப் பழுப்புக் கண்ணாடி, மூடிக்குள் டெஃப்லான் லைனர். பாட்டில் சரியாக இருந்தும் மூடிக்குள் இருக்கும் அட்டையோ ரப்பரோ சோதனையைக் கெடுத்த கதை நிறைய உண்டு. வாங்கும்போது மூடியைத் திருகித் திறந்து லைனரைப் பாருங்கள்.

கரைந்த ஆக்சிஜனுக்குத் தேய்த்த மூடி போட்ட 300 மி.லி. பி.ஓ.டி. கண்ணாடி பாட்டில். பிளாஸ்டிக் சுவர் ஆக்சிஜனைக் கசியவிடும். கிருமிச் சோதனைக்கு ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கலன்) செய்த கண்ணாடி, பாலிபுரொப்பிலீன் இரண்டுமே சரி. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் 120 மி.லி. பாட்டிலில் 3 சதவீத சோடியம் தயோசல்பேட் 0.1 மி.லி. முன்னதாகவே போட்டு ஸ்டெரிலைஸ் செய்யுங்கள். இல்லாவிட்டால் வண்டியில் வரும் வழியெல்லாம் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே வரும்.

ஆக, ஓர் ஏரியின் முழுச் சோதனைக்குப் போகும் ஆள் ஒரே பையில் கண்ணாடி, பிளாஸ்டிக் இரண்டையும் கொண்டுபோக வேண்டும். கண்ணாடிக்கு நுரைத் தடுப்பு வைத்த பெட்டி வாங்குங்கள். உடைந்து நஷ்டமாகும் பாட்டில்களின் விலையில் அந்தப் பெட்டிச் செலவு தேறிவிடும்.

கேள்வி: அல்சூர் அருகே ஒரு கல்லூரியில் வேதியியல் லேப் உதவியாளர். விடுமுறை முடிந்து வந்தால் சோடியம் ஹைட்ராக்சைடு பாட்டில்களின் கண்ணாடி மூடி ஒவ்வொரு முறையும் இறுகிக் கிடக்கிறது. பியூரெட் குழாய்த் திருகும் அப்படியே. எப்படித் திறப்பது, எப்படித் தவிர்ப்பது?

பதில்: காஸ்டிக் கரைசல் கண்ணாடியை மெதுவாகக் கரைக்கும். தேய்த்த மூடியின் சொரசொரப்பான பரப்பில் படிந்த துளி, கண்ணாடியைக் கரைத்து சோடியம் சிலிகேட் ஆகிறது. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து சோடியம் கார்பனேட்டாகவும் உறைகிறது. இரண்டும் சேர்ந்து மூடியை கழுத்தோடு சிமென்ட் போல ஒட்டிவிடுகின்றன.

திறக்க: கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, தடித்த கையுறை போட்டு, பாட்டிலை ஒரு பிளாஸ்டிக் தட்டுக்குள் வையுங்கள். வெந்நீரில் நனைத்த துணியைக் கழுத்தில் மட்டும் சுற்றி ஒரு நிமிடம் விடுங்கள். வெளிக்கழுத்து முதலில் சூடாகி விரியும், மூடி இன்னும் குளிர்ச்சியாக இருக்கும். அந்த நேரத்தில் மரக்கட்டையால் மூடியின் பக்கவாட்டில் லேசாகத் தட்டித் திருப்புங்கள். அசையாவிட்டால் கழுத்துப் பகுதி ஓர் இரவு வெதுவெதுப்பான நீரில் ஊறட்டும். கார்பனேட் கரைந்தால் விட்டுக்கொடுக்கும். அதற்கும் மசியாவிட்டால் விட்டுவிடுங்கள். இடுக்கி போட்டுத் திருகினால் கழுத்து உடைந்து காஸ்டிக் முகத்தில் தெறிக்கும். கண்ணில் பட்ட காரம் அமிலத்தைவிட ஆழமாக அரிக்கும்.

தவிர்க்க: காஸ்டிக்கை எச்.டி.பி.இ. பாட்டிலில் வையுங்கள். கரைசல் தயாரிக்கும்போதும் பாலிபுரொப்பிலீன் பீக்கரில் குளிர்ந்த நீர் எடுத்து, காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கரைத்து, நன்றாக ஆறிய பிறகு ஸ்டாண்டர்டு பிளாஸ்கில் அளவு கூட்டி, உடனே பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாற்றுங்கள். பிளாஸ்கை அன்றே கழுவிவிடுங்கள். பாலிஎத்திலீன் சுவர் கார்பன் டை ஆக்சைடை மெல்லக் கசியவிடும். ஆகவே செறிவு குறைந்துகொண்டே வரும். வாரம் ஒருமுறை பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் கொண்டு சரிபாருங்கள். 0.4 கிராம் எடுத்தால் 0.1 நார்மல் காஸ்டிக் 19.6 மி.லி. அளவுக்குச் செலவாக வேண்டும்.

பியூரெட்டுக்கு டெஃப்லான் திருகு வைத்ததாக வாங்குங்கள். அதற்குக் கிரீஸும் தேவையில்லை. வேலை முடிந்ததும் நீர், நீர்த்த அமிலம், மறுபடி நீர் என்று கழுவி, திருகின் நட்டைச் சற்றுத் தளர்த்திவையுங்கள். இறுக்கியே வைத்தால் டெஃப்லான் அழுத்தத்தில் மெல்ல உருமாறி, பிறகு சொட்டத் தொடங்கும்.

கேள்வி: பரிசோதனை நிலையத்தில் மீடியா (கிருமி வளர்க்கும் ஊட்டக் கரைசல்) தயாரிப்பது என் வேலை. ஒரே கடையில் வாங்கிய இரண்டு வகை வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில்களில் ஒன்று ஆட்டோகிளேவில் நன்றாக இருந்தது, மற்றொன்று சப்பையாகி விட்டது. கண்ணாடி பாட்டில் ஒன்று மேசையில் வைத்ததும் அடிப்பாகம் தெறித்தது. சில மீடியாவில் இன்னும் கிருமி வளர்கிறது. எங்கே தவறு?

பதில்: மூன்றுக்கும் தனித்தனிக் காரணம்.

சப்பையான பாட்டிலைத் திருப்பி அடியைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 2 என்று இருந்தால் எச்.டி.பி.இ., 5 என்று இருந்தால் பாலிபுரொப்பிலீன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே பால்வெள்ளையாக இருக்கும். 121 டிகிரியில் எச்.டி.பி.இ. நிலைகுலைந்துவிடும், பாலிபுரொப்பிலீன் தாங்கும். 4 என்றால் எல்.டி.பி.இ. (அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன்), அது வாஷ் பாட்டிலுக்குத்தான் ஆகும். 6 பாலிஸ்டைரீன், பெட்ரி தட்டுகள் இந்த வகை, இவற்றை ஆட்டோகிளேவில் வைத்தால் உருகிக் கட்டியாகிவிடும். 7 என்பதில் பல வகை அடங்கும், அதில் பாலிகார்பனேட்டும் உண்டு. பாலிகார்பனேட் ஆட்டோகிளேவைத் தாங்கினாலும் ஒவ்வொரு முறையும் வலு குறையும். கார சோப்பின் மிச்சம் ஒட்டியிருந்தால் சீக்கிரமே நுண்விரிசல் விழும். பாலிபுரொப்பிலீன் பாட்டிலும் சப்பையாகலாம், மூடியை இறுக்கி வைத்திருந்தால். ஆறும்போது உள்ளே வெற்றிடம் உருவாகிச் சுவரை உள்ளே இழுக்கும். கண்ணாடியானாலும் பிளாஸ்டிக்கானாலும் மூடியை ஒரு முழுச் சுற்று தளர்த்தி, மேலே அலுமினியத் தாள் சுற்றி வையுங்கள். கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்.

கண்ணாடி பாட்டில் தெறித்ததற்கு, ரசாயனம் வந்த பழைய பாட்டிலைக் கழுவிப் பயன்படுத்தியிருக்கலாம். அவை பெரும்பாலும் சோடா லைம் கண்ணாடி. சூட்டில் போரோசிலிகேட்டைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு விரியும். சூடான பாட்டிலைக் குளிர்ந்த கிரானைட் மேசையில் வைத்தால் அடிப்பாகம் சுருங்கும், மேல்பாகம் விரிந்தே நிற்கும், நடுவில் கீறிக்கொள்ளும். போரோசிலிகேட்டிலும் கீறல் விழுந்த பாட்டில் இப்படித்தான் போகும். பாட்டிலின் மேல் போரோசிலிகேட் என்றோ 3.3 என்றோ அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். ஆட்டோகிளேவிலிருந்து எடுத்ததும் மடித்த துணி அல்லது மரப்பலகை மேல் வையுங்கள்.

மூன்றாவதில்தான் பெங்களூருவின் பங்கு இருக்கிறது. நம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே தண்ணீர் 97 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். ஆட்டோகிளேவின் முள் காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் அழுத்தம் என்பதைத்தான். வெளிக்காற்றின் அழுத்தமே இங்கு 1.5 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) குறைவு. சென்னையில் 15 பி.எஸ்.ஐ. என்றால் உள்ளே 121 டிகிரி. இங்கே அதே 15-க்கு 119 டிகிரியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கேட்கச் சிறிய வித்தியாசம். ஆனால் வெப்பத்தைத் தாங்கும் பாக்டீரியா வித்துகளைக் கொல்லும் வேகம் பத்து டிகிரிக்குப் பத்து மடங்கு மாறும். அந்தக் கணக்கில் இங்கே 15 நிமிடம் ஓட்டுவது, 121 டிகிரியில் 10 நிமிடம் ஓட்டியதற்குச் சமம். உங்கள் கருவியின் அனுமதிக்கப்பட்ட அழுத்தத்துக்குள் இருந்தால் 16.5 பி.எஸ்.ஐ. வையுங்கள். சேஃப்டி வால்வைத் தொடாதீர்கள். அனுமதி இல்லையென்றால் நேரத்தைக் கூட்டுங்கள். வெப்பநிலையை உணர்கருவியால் அளந்து தானே கட்டுப்படுத்தும் கருவி என்றால் இந்தச் சிக்கல் இல்லை.

அழுத்தம் ஏறும் முன் வெளியேறு குழாயைத் திறந்துவைத்து, நீராவி சீராக ஐந்து நிமிடம் வெளியே பீறிட விடுங்கள். உள்ளே தங்கும் காற்று முள்ளை ஏற்றும், சூட்டை ஏற்றாது. பாலிபுரொப்பிலீன் கண்ணாடியைவிட மிக மெதுவாகவே சூட்டைக் கடத்தும். அதே ஒரு லிட்டர் மீடியா பிளாஸ்டிக் பாட்டிலில் இருந்தால் 10 முதல் 15 நிமிடம் கூடுதலாக ஓட்டுங்கள். எவ்வளவு சரி என்பதை ஊகிக்க வேண்டாம். அந்த வித்துகள் தடவிய சோதனைப் பட்டை ஒன்றை, ஏற்றுவதில் மிகப் பெரிய பாட்டிலின் அருகில் வைத்துச் சோதியுங்கள்.

கேள்வி: ஸ்பெக்ட்ரோமீட்டரின் பிளாஸ்டிக் கூவெட்டை (சாம்பிள் ஊற்றி வைக்கும் சிறு குப்பி) அசிட்டோனில் அலசினேன், பால் போல மங்கிவிட்டது. சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியாது, எறிந்துவிடுங்கள். அது பாலிஸ்டைரீன். அசிட்டோன், டொலுயீன், குளோரோஃபார்ம் மூன்றும் அதைக் கரைக்கும். அக்ரிலிக் கூவெட்டுக்கும் இதே கதிதான். அசிட்டோன் வைக்கும் வாஷ் பாட்டில் எல்.டி.பி.இ. என்பதால் தாங்குகிறது. குளோரோஃபார்ம், ஹெக்சேன் போன்றவற்றை நீண்ட நாள் வைப்பதற்குக் கண்ணாடி பாட்டில் மட்டுமே.

கேள்வி: பிஎச்.டி. மாணவி. ஒரு என்சைமின் செயல்பாட்டை அளக்கிறேன். ஒரு பெட்டி டியூபில் செய்தால் ஒரு மதிப்பு, வேறு பெட்டியில் செய்தால் வேறு மதிப்பு. பிளாஸ்டிக்கிலிருந்து ஏதாவது இறங்குமா?

பதில்: இறங்கும். ஏற்கெனவே பதிவானது. 2008-இல் சயின்ஸ் இதழில் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில், சாதாரண பாலிபுரொப்பிலீன் டியூப், டிப் (பிப்பெட் முனை) ஆகியவற்றிலிருந்து இறங்கிய பொருள்கள் மனித மோனோஅமீன் ஆக்சிடேஸ்-பி என்சைமைத் தடுத்ததைக் காட்டினார்கள். அதில் ஒன்று ஒலியமைடு. அச்சிலிருந்து பிளாஸ்டிக் வழுக்கிக்கொண்டு வரச் சேர்க்கும் பொருள். நீரிலும் இறங்கும், டி.எம்.எஸ்.ஓ., மெத்தனால் போன்ற கரைப்பான்களில் இன்னும் எளிதாக இறங்கும்.

அதற்கும் முன்னால், 1998-இல் அமெரிக்காவில் பாட்ரிசியா ஹன்ட்டின் ஆய்வகத்தில், ஒப்பீட்டுக்கு வைத்த கன்ட்ரோல் எலிகளின் கருமுட்டைகளில் திடீரெனக் குரோமோசோம் கோளாறு அதிகரித்தது. கூண்டும் தண்ணீர் பாட்டிலும் பாலிகார்பனேட். தவறுதலாகக் கடுமையான காரச் சோப்பில் கழுவியதால் அவை அரிக்கப்பட்டு பிஸ்பீனால்-ஏ வெளியேறிக்கொண்டிருந்தது. அதைத் தடம்பிடித்து 2003-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். கன்ட்ரோல் கெட்டபோது அதை ஒதுக்கிவிடாமல் பாத்திரத்தைச் சந்தேகித்தது அவர்களின் பெருமை.

உங்கள் சோதனைக்கு: சந்தேகமுள்ள டியூப், வேறு பெட்டி டியூப், நன்கு கழுவிய கண்ணாடிக் குழாய் மூன்றிலும் என்சைம் இல்லாமல் பஃபர் மட்டும் ஊற்றி, நீங்கள் வழக்கமாக வைக்கும் அதே நேரம், அதே சூட்டில் வையுங்கள். பிறகு அந்த மூன்று பஃபர்களை எடுத்து ஒரே பாத்திரத்தில் என்சைம் சோதனை செய்யுங்கள். வித்தியாசம் வந்தால் பஃபருக்குள் இறங்கியதுதான் காரணம். புற ஊதாவில் 220 முதல் 300 நானோமீட்டர் வரை ஸ்கேன் செய்தும் பாருங்கள். சூடாக்கிய டியூபிலிருந்து இறங்குபவை 220, 260 பக்கம் உறிஞ்சும், அதனால் டி.என்.ஏ. அளவும் தவறாகக் கூடிக்காட்டும்.

மூன்று பஃபரும் ஒன்றுபோலவே வந்தால் இரண்டாவது காரணத்தைப் பாருங்கள்: என்சைம் சுவரில் ஒட்டிக்கொள்கிறதா என்று. மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவுக்கு நீர்த்த புரதத்தில் பெரும்பங்கு சுவரிலேயே போய்விடலாம். கண்ணாடிக்கு மாறினால் தீரும் என்று நினைக்காதீர்கள், கண்ணாடியும் புரதத்தைப் பிடிக்கும். புரதம் அதிகம் ஒட்டாத லோ-பைண்ட் டியூப் வாங்குங்கள். சோதனைக்கு ஊறு இல்லையென்றால் 0.1 சதவீதம் பி.எஸ்.ஏ. (மாட்டு ரத்தப் புரதம்) சேருங்கள், ஸ்டாக்கை அடர்த்தியாகவே வைத்து, சோதனைக்குச் சற்று முன் நீர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பெட்டி, எந்த லாட் எண் என்பதை நோட்டில் எழுதும் பழக்கம் இருந்தால் இதுபோன்ற புதிர் பாதி நேரத்தில் அவிழும்.

கேள்வி: ஸ்டாண்டர்டு பிளாஸ்கை ஓவனில் காயவைக்கலாமா? உடையாத பிளாஸ்டிக் ஸ்டாண்டர்டு பிளாஸ்க் வாங்கலாமா?

பதில்: காயவைக்கத் தேவையே இல்லை. நீரால் அளவு கூட்டப்போகும் பிளாஸ்க், டிஸ்டில்டு நீரில் அலசி ஈரமாக இருந்தால் பாதகமில்லை. மாறாகக் கவனிக்க வேண்டியது கரைசலின் சூடு. 100 மி.லி. ஏ கிளாஸ் பிளாஸ்கில் அனுமதிக்கப்பட்ட பிழை 0.1 மி.லி. 20 டிகிரிக்கு அளவிட்ட பிளாஸ்கில் 30 டிகிரி நீரை ஊற்றினால் நீரின் விரிவால் மட்டுமே 0.25 மி.லி. தவறு வரும். கரைசலை பிளாஸ்கின் மேல் அச்சிட்டிருக்கும் வெப்பநிலைக்குக் கொண்டுவந்து பிறகு கோட்டுக்குக் கூட்டுங்கள்.

பாலிபுரொப்பிலீன் பிளாஸ்க் கண்ணாடியைவிடப் பல பத்து மடங்கு விரியும், சுவரும் அழுத்தினால் வளையும். ஃபுளோரைடு, ஹைட்ரோஃபுளோரிக் அமிலம், போரான் இவற்றுக்கு வேறு வழியில்லாமல் அதை வைத்துக்கொள்ளலாம். அங்கேயும் தராசில் எடை பார்த்துத் தயாரிப்பதே மேல். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கையாளும் அறையில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: கண்ணாடிக் குழாய் சென்ட்ரிஃப்யூஜில் உடைந்துவிட்டது. 4000 ஆர்.பி.எம். தான் வைத்தேன்.

பதில்: ஆர்.பி.எம். எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, ரோட்டரின் ஆரமும் சேர வேண்டும். ஆரம் 15 செ.மீ. என்றால், 0.00001118-ஐ 15-ஆலும் 4000-இன் வர்க்கத்தாலும் பெருக்குங்கள்: ஏறத்தாழ 2680 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 2680 மடங்கு. சாதாரண டெஸ்ட் டியூப் அதற்கானது அல்ல. குழாய்த் தயாரிப்பாளர் தரும் ஜி வரம்பைப் பார்த்து, அதற்கு நன்றாகக் கீழே ஓட்டுங்கள். நீர்க் கரைசல், ரத்தம் என்றால் பாலிபுரொப்பிலீன் டியூபே போதும். குளோரோஃபார்ம் கலந்ததைப் பாலிகார்பனேட், பாலிஸ்டைரீன் டியூபில் சுழற்றவே கூடாது. கண்ணாடிதான் வேண்டுமென்றால் அடியில் ரப்பர் மெத்தை சரியாகப் பொருந்தியிருக்கிறதா, குழாயில் கீறல் உண்டா என்று விளக்கின் கீழ் பாருங்கள். மெத்தைக்கு அடியில் பழைய கண்ணாடித் துகள் ஒன்று கிடந்தாலும் அடுத்த குழாய் உடையும். ரத்தக் குழாய் உடைந்தால் இயந்திரத்தை நிறுத்தி 30 நிமிடம் மூடியைத் திறக்காமல் விட்டு, பிறகு இடுக்கியால் துண்டுகளை எடுங்கள்.

கேள்வி: மைனஸ் 80 ஃப்ரீசரில் எதை வைப்பது?

பதில்: உறைபனிக்கான டியூப் என்று குறிப்பிட்டே விற்கப்படும் பாலிபுரொப்பிலீன் டியூப். சாதாரண பாலிபுரொப்பிலீன் பாட்டில் உறைநிலைக்கருகே நொறுங்கும் தன்மை அடையும், கீழே விழுந்தால் விரிசல் விடும். அந்த வகையில் எச்.டி.பி.இ. தேவலை. நீர் உறையும்போது 9 சதவீதம் பெருகும் என்பதால் எதையும் நிரப்பி மூடாதீர்கள். கண்ணாடியைத் தவிருங்கள்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் பிளாஸ்டிக் குப்பையைக் குறைக்கச் சொல்கிறார்கள். எதைக் கண்ணாடிக்கு மாற்றலாம்? உடைந்த கண்ணாடியை எங்கே போடுவது?

பதில்: 2015-இல் நேச்சர் இதழில் வந்த ஒரு மதிப்பீடு, உலகின் உயிரியல் ஆய்வகங்கள் ஆண்டுக்கு 55 லட்சம் டன் பிளாஸ்டிக் குப்பை உண்டாக்குவதாகச் சொன்னது. குறைக்க வேண்டியதுதான். மீடியா பாட்டில், அளவு ஜாடி, பஃபர் பாட்டில், மாணவர் பயிற்சிக்கான பெட்ரி தட்டு, 5, 10 மி.லி. பிப்பெட் இவற்றைக் கண்ணாடிக்கு மாற்றலாம். பிப்பெட், பெட்ரி தட்டுகளை உலர்வெப்பத்தில் 160 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஸ்டெரிலைஸ் செய்யுங்கள். எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் நச்சு) இருக்கவே கூடாத வேலைக்குக் கண்ணாடியே சிறந்தது. 250 டிகிரியில் 30 நிமிடம் வைத்து அதை எரித்துவிடலாம், பாலிபுரொப்பிலீனுக்கு அது முடியாது. பி.சி.ஆர். டியூப், டிப் இவற்றை மாற்ற முயல வேண்டாம். போர்வெல் நீரில் கழுவும் கண்ணாடியில் வெள்ளைப் படலம் தங்கும். கடைசி மூன்று அலசல் டிஸ்டில்டு நீரில் என்று வைத்துக்கொண்டு, அந்த நீரின் செலவையும் கணக்கில் சேர்த்த பிறகு முடிவெடுங்கள்.

குப்பையில், மருத்துவப் பரிசோதனை நிலையம் என்றால் 2016-இன் உயிர்மருத்துவக் கழிவு விதிகள்படி மாசுபட்ட பிளாஸ்டிக் டியூப், டிப் சிவப்பில், கண்ணாடி நீலத்தில், ஊசியும் பிளேடும் குத்தினாலும் துளைபடாத வெள்ளைப் பெட்டியில். கிருமி வளர்த்த தட்டுகளை அங்கேயே ஆட்டோகிளேவ் செய்து மஞ்சளில் கொடுக்க வேண்டும். வேதியியல் லேபின் உடைந்த கண்ணாடியை, கழுவி, தடித்த அட்டைப் பெட்டியில் போட்டு, முக்கால் பங்கு நிரம்பியதும் டேப் ஒட்டி மூடுங்கள். பெட்டியின் மேல் 'உடைந்த கண்ணாடி' என்று கன்னடத்தில் பெரிதாக எழுதுங்கள். அதைத் தூக்கும் பௌரகார்மிகருக்குப் (துப்புரவுப் பணியாளருக்குப்) படிக்கத் தெரிய வேண்டும். பாட்டில் கண்ணாடியோடு போரோசிலிகேட்டைச் சேர்த்து மறுசுழற்சிக்குக் கொடுக்காதீர்கள். இரண்டும் வெவ்வேறு சூட்டில் உருகுவதால் அந்த உலையின் கண்ணாடி முழுவதும் கெடும்.